தெரியும் என்கிற பட்டன்

உங்களுக்குப் பொய் சொல்லத் தெரியுமா?

லீவுக்காகப் பாட்டியை இரண்டாம் தடவை சாகடிப்பது, வீட்டு சோபாவில் சாய்ந்துகொண்டு 'வந்துகிட்டே இருக்கேன் சார், சிக்னல்ல நிக்கிறேன்' என்பது, இதெல்லாம் கணக்கில் சேராது. பக்கத்தில் ஆளே இல்லாதபோது, ராத்திரி பதினோரு மணிக்கு, கேட்க யாருமில்லாத அறையில் பொய் சொல்லியிருக்கிறீர்களா?

நான் சொல்லியிருக்கிறேன். ஏறக்குறைய ஒன்றேகால் வருஷம், அனேகமாக தினமும்.

நாற்பத்து நாலாவது வயதில் ஜப்பானிய மொழி கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். எதற்கு என்று மனைவி கேட்டாள். மகள் கேட்டாள். பத்திரிகை ஆபீஸில் டீ கொண்டுவரும் பையன்கூடக் கேட்டான். ஜப்பான் போகிற உத்தேசமில்லை. சம்பள உயர்வு கிடையாது. எழுதியே பிழைக்கிற ஒருவனுக்கு, மறுபடி ஒரு தடவை எழுத்தே தெரியாதவனாக ஆகிப் பார்க்கலாமே என்று ஓர் ஆசை, அவ்வளவுதான். இதை வீட்டில் சொன்னால் டாக்டரிடம் அழைத்துப் போவார்கள் என்பதால் 'மூளைக்கு நல்லதாம்' என்று சொல்லிவைத்தேன்.

வாத்தியார் வைத்துக்கொள்ளவில்லை. சென்னையில் வகுப்புகள் இருக்கின்றன. ஆனால் பத்திரிகைக்காரனின் ராத்திரிகள் அவன் கையில் இல்லை. தானாகவே கற்றுக்கொள்வதற்கு ஜப்பானியர்கள் 'தோகுகாகு' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். 'தனி' என்கிற எழுத்தையும் 'கல்வி' என்கிற எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் தோகுகாகு. ஏகலைவன் கேஸ். கட்டை விரலைக் கேட்க துரோணர்கூடக் கிடையாது.

முதல் வாரமே புரிந்துவிட்டது, ஒரே புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் தூங்கிவிடுவேன் என்று. நம் ஊரில் ஆரம்ப சூரத்தனம் என்கிறோமே, அதற்கு அவர்கள் 'மிக்கா போஸு' என்கிறார்கள். மூன்று நாள் துறவி. மொட்டை அடித்துக்கொண்டு மடத்தில் சேர்ந்து நாலாம் நாள் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறவர். அவராக ஆகிவிடாமலிருக்க ஒரு டைம்டேபிள் போட்டேன். காலையில் கட்டம் போட்ட நோட்டில் எழுத்துப் பயிற்சி. ஹிரகானா 46, கதகானா 46, அதற்கப்புறம் காஞ்சி (பட்டுப்புடவை இல்லை, சீனாவிலிருந்து வந்த சித்திர எழுத்துக்கள்). பொதுப் புழக்கத்துக்கு என்று ஜப்பானிய அரசாங்கம் 2010-ல் வெளியிட்ட பட்டியலில் 2,136 காஞ்சிகள் இருக்கின்றன. ஆரம்பப் பள்ளியின் ஆறு வருஷத்திலேயே பிள்ளைகள் 1,026 கற்றுவிடுகிறார்கள். நான் முதல் முப்பதிலேயே மூச்சு வாங்கினேன்.

அப்புறம் மின்சார ரயிலில் காதில் மாட்டிக்கொண்டு உரையாடல் கேட்பது. கேட்டதை வாய்க்குள்ளேயே திருப்பிச் சொல்வது. எதிர் ஸீட் பெண்மணி ஒரு நாள் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார். மத்தியானம், என்.எச்.கே. எளிய ஜப்பானியத்தில் தருகிற செய்தி ஒன்று. காஞ்சிக்குத் தலைமேல் பொடியாக ஹிரகானா போட்டிருப்பார்கள், குழந்தைக்குத் தொட்டுக் காட்டுகிற மாதிரி. சாயங்காலம் கார்ட்டூன். ராத்திரி அந்த மொழியில் மூன்று வரி டைரி. 'இன்று வெயில். மீன் சாப்பிட்டேன். மீன் நன்றாக இருந்தது.' நாற்பத்து நாலு வயது எழுத்தாளனின் உரைநடை!

தமிழனுக்கு இதில் ஒரு சலுகையும் உண்டு. வினைச்சொல் கடைசியில்தான் வரும். வேற்றுமை உருபு போன்ற சங்கதிகள் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும். நாம் 'சாப்பிட்டுப் பார்' என்கிறோம் இல்லையா? கண்ணால் பார்க்க என்ன இருக்கிறது அதில்? அவர்களும் 'தபெதே மிரு' என்கிறார்கள். தபெதே என்றால் சாப்பிட்டு, மிரு என்றால் பார்ப்பது. முன்கூட்டியே 'செய்து வை' என்பதற்கு 'ஷிதே ஒகு'. ஒகு என்றால் வைப்பது. இலங்கைத் தமிழர்கள் இது, உது, அது என்று மூன்றாகப் பிரிப்பதைப் போல அங்கேயும் கோரே, சோரே, ஆரே. சுசுமு ஓனோ என்கிற ஜப்பானிய அறிஞர் இரண்டு மொழிகளும் உறவுக்காரர்கள் என்றே வாதாடினார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளவில்லை. உறவோ இல்லையோ, இலக்கணம் பழகிய வீடு மாதிரி இருந்தது. பழகிய வீட்டில்தான் இருட்டில் தைரியமாக நடந்துபோய் முட்டிக்கொள்வோம்.

படுக்கப் போகும் முன் கடைசி ஐட்டம், கார்டு. கம்ப்யூட்டரிலும் போனிலும் 'அன்கி' என்று ஒரு சாதனம் இருக்கிறது. பெயரே ஜப்பானியச் சொல்தான், மனப்பாடம் என்று அர்த்தம். ஒரு பக்கம் சொல், மறுபக்கம் பொருள். நீங்கள் மனசுக்குள் பதில் சொல்லிவிட்டு அட்டையைத் திருப்ப வேண்டும். சரியா, தப்பா, கஷ்டமா, சுலபமா என்று நீங்களே பட்டனை அமுக்க வேண்டும். தெரியும் என்றால் அது நாலு நாள் கழித்து வரும், அப்புறம் பத்து நாள், அப்புறம் ஒரு மாசம். தெரியாது என்றால் உடனே திரும்பி வந்து நிற்கும், வட்டிக்குக் கொடுத்தவர் மாதிரி.

ராத்திரி பதினோரு மணி. இன்னும் முப்பத்தைந்து அட்டை பாக்கி. கண் எரிகிறது. ஒரு காஞ்சி வருகிறது. எங்கோ பார்த்த முகம். திருப்பிப் பார்த்தால், 'அட, இதுதானே, எனக்குத் தெரியுமே!' விரல் போய் 'தெரியும்' பட்டனை அமுக்குகிறது.

தெரியாது சார். திருப்பிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. ஆனாலும் அமுக்கினேன். பாக்கி பூஜ்யமானதும் ஒரு வாழ்த்து வரும். நிம்மதியாகத் தூங்கினேன்.

நான் பி.காம். ஆடிட்டிங் பேப்பரில் ஆரம்பத்திலேயே ஒன்று சொல்லிக்கொடுப்பார்கள். பணத்தை வாங்குகிற ஆளும் கணக்குப் புத்தகத்தில் எழுதுகிற ஆளும் ஒருவராக இருக்கக் கூடாது. ஆள் கெட்டவர் என்று அர்த்தமில்லை. நல்லவரையும் அந்த நாற்காலி கெடுத்துவிடும். தோகுகாகுவில் வாத்தியார் நான், மாணவன் நான், பரீட்சைப் பேப்பர் திருத்துகிறவனும் நான். மூன்று நாற்காலியிலும் நானே மாறி மாறி உட்கார்ந்துகொண்டு எனக்கு நானே நூற்றுக்கு எண்பத்தைந்து போட்டுக்கொண்டிருந்தேன்.

யாருக்கு என்ன நஷ்டம் என்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். பரீட்சை இல்லை, சர்ட்டிஃபிகேட் இல்லை. ஏமாற்றுகிறவனும் ஏமாறுகிறவனும் ஒரே ஆள், இடது பாக்கெட்டிலிருந்து வலது பாக்கெட்டுக்குப் பணம் போகிற மாதிரி. இதைப் பொய் என்று சொல்ல முடியுமா? பொய்க்கு இரண்டு பேர் வேண்டாமா?

நான் நாலாவது மாடி. எங்களுக்கு நேர் கீழே மூன்றாவது மாடியில் ஒரு ஜப்பானியப் பொறியாளர் குடிவந்தார். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை, ஐம்பது வயதுக்கு மேல், தனியாள், ஆங்கிலம் மிகக் குறைவு. எனக்கு வேறென்ன வேண்டும்? லிஃப்டில் பார்த்தால் குனிந்து வணக்கம் சொல்வேன். அவர் முகம் மலர்ந்து ஏதோ சொல்வார். ஏர்கண்டிஷனருக்கு அவர்கள் சொல்லும் 'ஏயாகோன்' காதில் விழும். தண்ணீருக்கு 'மிஸு', அதுவும் விழும். கொளுத்துகிற ஏப்ரல் மாசம் வேறு. வெயில் ஜாஸ்தி, ஏசி போட்டுக்கொள்ளுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்கிறார், பாவம், நல்ல மனுஷன். 'சோ தெஸு நே' என்பேன். ஆமாம் இல்லையா என்று அர்த்தம். எதற்கும் பொருந்தும். லிஃப்டில் இருந்த மற்றவர்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஒரே வாரத்தில் அபார்ட்மென்ட் முழுக்கப் பேர் வாங்கிவிட்டேன். 'சாருக்கு ஜப்பான் பாஷை அத்துப்படி.' நான் மறுக்கவில்லை. கேட்டால் லேசாகச் சிரிப்பேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஜூன் மாதம் ஒரு ராத்திரி ஒன்றரை மணிக்கு வாட்ச்மேன் கதவைத் தட்டினார். "சார், மூணாவது மாடி ஜப்பான் சாருக்கு ஒடம்பு முடியல சார். கொதிக்குது. நீங்க வந்தா அவுரு பாஷையில கேக்கலாம்."

போனேன். அவரைத் தாங்கிப் பிடித்து காரில் ஏற்றி பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டூட்டி டாக்டர் சின்னப் பெண், பொறுமைசாலி. மார்பில் சளி, இன்ஃபெக்ஷன், இன்ஜெக்‌ஷன் ஆரம்பிக்க வேண்டும் என்றார். "அலர்ஜி எதுவும் இருக்கான்னு கேளுங்க சார்."

கேட்டேன். அலர்ஜிக்கு அங்கேயும் கிட்டத்தட்ட அதே சொல்தான், 'அரெருகீ'. அவர் கண்ணை மூடிக்கொண்டே நீளமாகப் பதில் சொன்னார். அதில் 'தபெமோனோ' என்று வந்தது. சாப்பாட்டு வகை. 'தாய்ஜோபு' என்று வந்தது. பரவாயில்லை, பிரச்னை இல்லை. அதற்கப்புறமும் ஒரு வாக்கியம் இருந்தது.

வாட்ச்மேன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நர்ஸ் பார்த்தார். டாக்டர் பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

"ஒண்ணும் பிரச்னை இல்லைங்கிறார் டாக்டர்" என்றேன்.

விரல் தானாகப் போய் அமுக்கிய மாதிரிதான் இருந்தது. ஒன்றேகால் வருஷப் பழக்கம் ஆயிற்றே!

நீங்கள் கேட்கப்போவது தெரியும். இந்தக் காலத்தில் போனிலேயே மொழிபெயர்ப்பு இருக்கிறதே, பேசினால் எழுத்தாகக் காட்டுமே? என் சட்டைப் பையிலேயே இருந்தது. எடுக்கவில்லை. எடுத்தால் 'சாருக்கு அத்துப்படி' என்னாவது? இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

நர்ஸ் மருந்து எடுக்கப் போனார். இரண்டு நிமிஷம் இருக்கும். அந்த மனிதர் படுத்தபடியே முழங்கையை மெல்லச் சொறிகிற மாதிரி ஏதோ செய்தார். பேசும்போதும் அதையே செய்தாரே என்று அப்போதுதான் உறைத்தது. வயிற்றில் ஏதோ புரண்டது. டாக்டரிடம் போய், "டாக்டர், அவர் சொன்னது எனக்குப் பாதிதான் புரிஞ்சது" என்றேன். பத்திரிகையில் இருபது வருஷமாக எழுதுகிறேன், அதைவிடக் கஷ்டமான வாக்கியத்தை நான் அமைத்ததில்லை. போனை எடுத்து அவர் வாயருகே பிடித்து, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றேன். திரையில் வந்தது: சாப்பாட்டில் எதுவும் இல்லை, ஆனால் ஒரு ஆன்டிபயாடிக் கொடுத்து உடம்பெல்லாம் தடித்துப் போயிருக்கிறது.

'கோசெய் புஸ்ஷிட்ஸு'. ஆன்டிபயாடிக்குக்கு அவர்களுடைய சொல். எனக்குத் தெரியாது.

டாக்டர் அலட்டிக்கொள்ளவில்லை. "டெஸ்ட் டோஸ் போட்டுப் பாத்துட்டுத்தான் குடுப்போம் சார். இருந்தாலும் சொன்னது நல்லது." கம்பெனியின் மொழிபெயர்ப்பாளரைப் போனில் பிடித்தார்கள், மருந்தின் பேரைக் கேட்டுத் தவிர்த்தார்கள், நாலு நாளில் அவர் வீட்டுக்கு வந்துவிட்டார். நான்தான் அந்த ராத்திரியிலிருந்து இன்னும் முழுசாக வீட்டுக்கு வரவில்லை.

மறுநாள் பாடப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். உடம்பு, நோய், மருத்துவமனை என்று ஒரு பாடம் இருந்தது. பக்கம் கசங்காமல் புத்தம் புதிதாக. போரடித்ததால் விட்டிருந்தேன். விட்டதே தெரியவில்லை, ஏனென்றால் அன்றைக்கு நான் சும்மா இருக்கவில்லை, கார்ட்டூன் பார்த்தேன். அதற்கு மறுநாள் செய்தி படித்தேன். எதைச் செய்தாலும் படிப்புக் கணக்கில்தான் சேர்ந்தது. தினம் ஒரு விதமாகப் படிப்பது என்னை மூன்று நாள் துறவி ஆகாமல் காப்பாற்றியது, நிஜம்தான். பிடிக்காத இடத்திலிருந்து நழுவ நேர்த்தியான ஒரு பின்வாசலையும் அதுவே வைத்துக் கொடுத்தது. ஜப்பானிய மொழியில் படிப்புக்கு 'பென்க்யோ' என்று சொல். கடைக்காரர் அதே சொல்லைச் சொன்னால் 'விலை குறைத்துத் தருகிறேன்' என்று அர்த்தம். எனக்கு நானே கடைக்காரனாக இருந்து நன்றாகவே தள்ளுபடி கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பாடத்தைத் தாண்டிப் போனவன் நான் மட்டும்தானா என்று ஆறுதல் தேடினேன். பெரிய ஆளே கிடைத்தார். ஆர்தர் வேலி. லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் 1913-ல் வேலைக்குச் சேர்ந்து, அங்கிருந்த ஓவியங்களுக்காகச் சீனமும் ஜப்பானியமும் தானாகவே கற்றுக்கொண்டவர். ஆயிரம் வருஷம் முன்னால் முராசாகி ஷிகிபு என்கிற பெண்மணி எழுதிய 'கெஞ்சியின் கதை'யை 1925 முதல் 1933 வரை ஆறு பாகமாக இங்கிலீஷில் கொண்டுவந்தார். ஜப்பானுக்கு வாழ்நாளில் ஒரு தடவைகூடப் போகவில்லை. மூலத்தில் 54 அத்தியாயம். வேலி 38-ஆவது அத்தியாயத்தை அப்படியே விட்டுவிட்டார்! அந்த ஓட்டைப் புத்தகத்தைத்தான் 1940-ல் டொனால்ட் கீன் என்கிற அமெரிக்க மாணவர் நியூயார்க்கில் மலிவாக வாங்கிப் படித்து மயங்கி, பின்னாளில் பெரிய ஜப்பானிய அறிஞராகி, 2012-ல் ஜப்பானியக் குடிமகனாகவே ஆனார்.

ஆறுதல் ஒரு மணி நேரம்தான் நின்றது. நாவலில் ஓர் அத்தியாயம் போனால் யாருக்கும் உடம்பு தடிக்காது. அதுவும் போக, வேலி விட்டது அலமாரியில் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. எண்ணிப் பார்த்தால் போதும். நான் விட்டது என் கண்ணுக்கே தெரியவில்லை.

அப்போதுதான் இன்னொரு கூட்டத்தின் கதை ஞாபகம் வந்தது. இதுவும் தோகுகாகுதான், ஆனால் திசை தலைகீழ். ஜப்பானியர்கள் சிலர் அகராதிகூட இல்லாமல் டச்சு மொழியோடு மல்லுக்கட்டிய கதை. 1771-ல் எதோ நகரில், அதாவது இன்றைய தோக்கியோவில், மரண தண்டனை பெற்ற ஒரு மூதாட்டியின் உடலை அறுத்துக் காட்டினார்கள். சுகிதா கென்பாகு, மாயெனோ ர்யோதாகு உள்ளிட்ட வைத்தியர்கள் டச்சு உடற்கூறுப் புத்தகம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள். இத்தனை காலம் படித்த சீனப் படங்கள் ஒத்துப்போகவில்லை. டச்சுப் படங்கள் அச்சாக ஒத்துப்போயின. இத்தனை நாள் உடம்பைப் பற்றித் தெரியாமலே வைத்தியம் பார்த்தோமா என்று திரும்புகிற வழியிலேயே வெட்கப்பட்டு, அந்தப் புத்தகத்தை மொழிபெயர்ப்பது என்று முடிவு செய்து, மறுநாளே உட்கார்ந்துவிட்டார்கள். சுகிதாவுக்கு டச்சு எழுத்துக்கள்கூடத் தெரியாது. ர்யோதாகுவுக்குச் சில நூறு சொற்கள். அவர் டச்சு படிக்க ஆரம்பித்ததே நாற்பதைத் தாண்டித்தான் (இந்த வரியை நான் இரண்டு தடவை படித்தேன்).

மூக்கு என்பது முகத்தின் நடுவில் 'மேடாக' இருப்பது என்கிற ஒரு வரியோடு எப்படி முட்டி மோதினோம் என்று சுகிதா எண்பது வயதைத் தாண்டி நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். எனக்கு அதைவிடப் பிடித்த விஷயம் வேறு. புரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் அவர்கள் ஒரு குறி போட்டுக்கொண்டே போனார்கள். ஒரு வட்டம், அதற்குள் ஒரு கூட்டல். கென்பாகு சொல்கிறார், ஆரம்பத்தில் பக்கம் முழுக்க அந்தக் குறிதானாம்.

தெரியாது, தெரியாது, தெரியாது என்று பக்கம் பக்கமாக. அவர்களுக்கும் மேலே திருத்த வாத்தியார் கிடையாது. தோராயமாக எதையாவது எழுதிவிட்டுப் போயிருந்தால் நாட்டில் கண்டுபிடிக்க ஆள் ஏது?

1774-ல் புத்தகம் அச்சாகி வந்தது. அதில் ர்யோதாகுவின் பெயர் இல்லை. கூட்டத்திலேயே அதிகம் டச்சு தெரிந்தவர் அவர்தான். மொழிபெயர்ப்பில் இன்னும் குறைகள் இருக்கின்றன, இதில் என் பெயரைப் போட மாட்டேன் என்று நின்றுவிட்டார் என்பது பரவலாகச் சொல்லப்படும் காரணம். வேறு காரணம் சொல்கிறவர்களும் உண்டு.

இந்த இடத்தில்தான் நான் குழம்புகிறேன், நீங்களும் கொஞ்சம் குழம்புங்கள். ர்யோதாகு யோக்கியர், சரி. சுகிதா? குறை இருக்கிறது என்று தெரிந்தே, இருக்கட்டும், வைத்தியர்களுக்கு இது உடனே போய்ச் சேர வேண்டும் என்று அச்சுக்குக் கொடுத்தவர். எல்லோரும் ர்யோதாகுவாக இருந்திருந்தால் அந்தப் புத்தகம் இன்னும் எத்தனை வருஷம் பெட்டியில் கிடந்திருக்குமோ! அரைகுறையாகத் தெரிந்தவன் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று சட்டம் போட்டுவிடுவது சுலபம். ஆனால் அன்றைக்கு ஆஸ்பத்திரியில், என் ஓட்டை ஜப்பானியத்தைக் கேட்டதும் அந்த மனிதரின் இறுகிய கை தளர்ந்ததை நான் பார்த்தேன். ஊர் விட்டு ஊர் வந்து நள்ளிரவில் ஜுரத்தில் கிடக்கிறவருக்குத் தன் மொழியில் நாலு வார்த்தை. என் போன் அதைச் செய்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். அரைகுறைக்கும் ஒரு வேலை இருக்கிறது. அதில் எந்த அரை தெரிந்தது, எந்தக் குறை தெரியாதது என்று பக்கத்திலிருப்பவருக்குச் சொல்லியிருந்தேன் என்றால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் வந்திருக்காது. ஆனால் எனக்கே தெரியாததை அடுத்தவருக்கு எப்படிச் சொல்வது? இரண்டு பேர் இல்லாமல் பொய் இல்லை என்று நினைத்தேனே, அந்த இரண்டாவது ஆள் வந்து சேரக் கொஞ்ச நாள் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது என் கட்டம் போட்ட நோட்டில் வட்டத்துக்குள் கூட்டல் நிறைய இருக்கிறது. டைம்டேபிளை மாற்றவில்லை. எழுத்து, ரயில், செய்தி, கார்ட்டூன், டைரி, கார்டு எல்லாம் அப்படியே. நேற்று எதில் விழுந்தேனோ அதைத்தான் இன்று முதலில் தொடுவது என்று மட்டும் ஒரு ஏற்பாடு. அட்டையைத் திருப்பும் முன் பதிலை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், மகள் பக்கத்தில் இருந்தால் பட்டனை அவள் அமுக்குவாள். ஈவு இரக்கமில்லாத ஆடிட்டர். பாக்கி பூஜ்யமாகிற ராத்திரிகள் குறைந்துவிட்டன.

போன ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் மாடிக்காரர் ஒரு பெட்டி இனிப்போடு வீட்டுக்கு வந்தார். குனிந்தார், குனிந்தேன். நன்றி என்றார், அது புரிந்தது. அப்புறம் கொஞ்சம் தயங்கிவிட்டு வேறு ஏதோ ஆரம்பித்தார். மறுபடி அதே ஏயாகோன், அதே மிஸு. 'சோ தெஸு நே' நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டு, "சுமிமாசென், வகரிமாசென்" என்றேன். மன்னிக்கணும், புரியவில்லை. "மோ இச்சிதோ." இன்னொரு தடவை.

அவர் நிதானமாக இன்னொரு தடவை சொன்னார். புரியவில்லை. மூன்றாவது தடவை, என் கையைப் பிடித்து பால்கனிக்கு அழைத்துப் போய் கீழே காட்டினார். எங்கள் வீட்டு ஏசி டியூபிலிருந்து சொட்டுகிற தண்ணீர் நேராக அவர் துணி உலர்த்துகிற கொடியில் விழுந்துகொண்டிருந்தது. ஏப்ரலிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.